என் பேணிக்காகச் சண்டை பிடித்தவள்

சனிக்கிழமை காலை பத்து மணியளவில் ரீட்டா தொலைபேசியில் அழைத்தாள். மூன்று வருடமாக அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பேசினாள். பின்னால் பஸ் போகும் சத்தம் கேட்டது. "அக்கா வியாழக்கிழமை போயிட்டாள். இருதயம். செவ்வாய்க்கிழமை அடக்கம்" என்றாள். பிறகு, "அவள் உனக்கும் கரைச்சல் தந்தவள்தான். அதை மனசில வைச்சிருக்காதை. ஏலுமெண்டால் வா" என்றாள்.

நான் "பரவாயில்லை" என்றேன்.

இறந்தவளுக்காக அவளுடைய தங்கை என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் பெரிய மனதுக்காரி போலப் பரவாயில்லை என்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய சங்கத்து இதழில் அஞ்சலி என்றால், இன்ன ஊரைப் பிறப்பிடமாகக் கொண்டவர் என்று தொடங்கி, பழகுவதற்கு இனியவர் என்று முடிப்பதுதான் வழக்கம். இவள் பழகுவதற்கு அவ்வளவு இனியவள் அல்ல. வாய் நீளம், கோபம் மூக்கு நுனியில். படம் போட முடியாது. பெயரும் எழுதப் போவதில்லை. இறந்தவரின் படத்தைக் காட்டவோ பெயரை உச்சரிக்கவோ கொஞ்சக் காலம் கூடாது என்று அவளுடைய ஆட்களில் வயதானவர்கள் கருதுவார்கள். அவர்களுடைய பெண்கள் தங்களுக்குள் ஒருத்தியை ஒருத்தி டிடா என்று கூப்பிடுவார்கள். அக்கா, தங்கச்சி இரண்டும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் கிழமையே அவள் என்னை அப்படிக் கூப்பிட்டாள். நானும் இங்கே அவளை டிடா என்றே எழுதுகிறேன்.

அவள் இந்த நாட்டின் கறுப்புப் பெண், வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவர்களின் வழி. ஆதிக்குடி என்று நாம் எழுத்தில் மரியாதையாகச் சொல்வோம். வீட்டுக்குள் என்ன சொல்வோம் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்களில் சிலர் அவளைக் கண்டிருக்கிறீர்கள். என் மகளுக்குக் கொப்பளிப்பான் போட்டபோது ஸ்ட்ராத்ஃபீல்டில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு நம்மவர் ஒருவரும் உள்ளே வரவில்லை. அது பிழையில்லை, எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். டிடா இரண்டு ரயில் மாறி வந்தாள். "எனக்குச் சின்னனிலயே வந்திட்டுது, இனி வராது. நீ போய்ப் படு" என்று சொல்லிவிட்டு, சனியும் ஞாயிறும் பிள்ளையின் பக்கத்தில் இருந்தாள். ஞாயிறு பின்னேரம் உங்களில் சிலர் பழங்களோடு வாசல்வரை வந்தீர்கள். குசினிக் கதவடியில் கதிரையில் இருந்தவளைப் பார்த்து, இவ ஆர் என்று கேட்டீர்கள். என் கணவர் தமிழில், "உதவிக்கு வாற மனிசி" என்றார். உங்களில் ஒருவர் ஆங்கிலத்தில் அவளிடமே, கிழமைக்கு எத்தனை நாள் வருவாய் என்று விசாரித்தீர்கள். "கூப்பிட்டால் வருவன்" என்றாள் அவள். நீங்கள் போன பிறகு, அந்த மனிசி ஏன் அப்பிடிக் கேட்டவ என்றாள். அவவுக்கு விளங்கவில்லை என்று மழுப்பினேன்.

அவளும் ரீட்டாவும் பேசியது ஆங்கிலம்தான். எனக்கு அதை நம்முடைய பேச்சில்தான் எழுத வருகிறது.

நாங்கள் எழுபத்துநாலில் வந்தோம். கணவருடைய பொறியியல் பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பெண்கள் கல்லூரியில் பூகோளம் படிப்பித்த நான் வாட்டர்லூவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கப் போனேன். உங்களில் இருவரும் அங்கே அடுப்புப் பகுதியில் இருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன். முதல் நாள் பிஸ்கட்டோடு ஓடுகிற பட்டியையே பார்த்துக்கொண்டு நின்று எனக்குத் தலை சுற்றியது. எதிரில் நின்ற டிடா, "ஓடுறதைப் பாராதை, பெட்டியைப் பார்" என்றாள். சொல்லிவிட்டு, தன் கை ஓய்வாக இருந்தபோதெல்லாம் என் பக்கத்துப் பிஸ்கட்டையும் அள்ளிப் போட்டாள். மேற்பார்வைக்காரி அதைக் கண்டு திட்டியபோது, "இவளின்ர கை இன்னும் பள்ளிக்கூடத்தில நிக்குது, நாளைக்கு வந்திடும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மணி அடித்தால் பத்து நிமிடம் தேநீர் இடைவேளை. அதற்கான அறையில் வெள்ளைக்காரிகளுக்கு ஜன்னலோர மேசை. கிரேக்கப் பெண்களுக்கு நடு மேசை. மலசலகூடக் கதவுக்குப் பக்கத்து மேசை எங்களுக்கு. யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. டிடா, ரீட்டா, அவர்களுடைய தெருவைச் சேர்ந்த இன்னும் நாலைந்து பெண்கள், பிறகு நான். அடுப்புப் பகுதிக்கு இடைவேளை வேறு நேரம் என்பதால் நம்முடைய இருவரும் அங்கே இருப்பதில்லை.

அக்காவையும் தங்கையையும் பற்றிச் சொல்ல வேண்டும். ரீட்டா டிடாவின் சித்தி மகள். ஒரே வீட்டில் ஒரே கட்டிலில் வளர்ந்தவர்கள். நாள் முழுக்க ஏதாவது ஒன்றுக்குச் சண்டை பிடிப்பார்கள். யாருடைய பாவாடை, யார் கடைக்குப் போவது, செத்துப்போன மாமா இடது கைக்காரரா வலது கைக்காரரா. இடைவேளைக்கு ஒரு சிகரெட்தான் பற்றவைப்பார்கள். முதல் பாதி டிடாவுக்கு, மறு பாதி ரீட்டாவுக்கு. டிடா ஒரு இழுவை கூட இழுத்தால் ரீட்டா அவளுடைய மணிக்கட்டில் தட்டுவாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் மூன்று பேர். அப்படி ஒருவரோடும் நான் இருந்ததில்லை என்று அவர்களைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இப்போது பேணிக்கு வருகிறேன்.

தேநீர் அறையில் தட்டொன்றில் வெள்ளைக் கோப்பைகள் கவிழ்த்து வைத்திருக்கும். எல்லாருக்கும் பொது. மேசைகள்தான் வேறு, கோப்பைகள் வேறில்லை. நான் அவற்றைத் தொட்டதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பேணியைப் பையில் கொண்டுபோய், அதில் குடித்து, கழுவி, துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவருவேன். அடுப்புப் பகுதியிலிருந்த நீங்கள் இருவரும் அப்படித்தான் செய்தீர்கள். ஏன் என்று நாம் ஒருவரை ஒருவர் கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை. எங்கள் வளவுக்கு வேலி அடைக்க வந்தவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பழகிய கைகள் இவை. சிரட்டையை வேலியில் கவிழ்த்து வைப்பார்கள். அடுத்த நாளும் அதில்தான். அந்தப் பழக்கத்தோடுதான் நான் கப்பல் ஏறினேன். வெள்ளைக்காரி குடித்த கோப்பையையாவது மூக்கைப் பிடித்துக்கொண்டு தொட்டிருப்பேன். டிடாவும் ரீட்டாவும் குடித்த கோப்பை ஒருநாள் எனக்கு வந்துவிடும் என்பதுதான் என் பயம்.

டிடா இரண்டு வருடம் அந்தப் பேணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த கதை வேறு. அவளுடைய தாய் உள்நாட்டில் ஒரு சிறு நகரத்தில் வெள்ளைக்காரர் வீட்டில் வேலை செய்தவள். அங்கே தாய்க்கென்று கைப்பிடி உடைந்த கோப்பை ஒன்று வெளிச்சுவரில் ஆணியில் தொங்கியதாம். தனிப் பேணியைக் கண்டால் அவளுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். ஒருநாள், "உன்னை ஆர் இதைக் கொண்டுவரச் சொன்னது?" என்று கேட்டாள். நான் ஒருவரும் இல்லை என்றேன். "ஓம், ஓம். என்ர அம்மாவும் அப்பிடித்தான் சொல்லுறவ" என்றாள். அதோடு விடுவாள் என்று நினைத்தேன்.

அவள் விடவில்லை. ஒரு புதன்கிழமை காலை இடைவேளையில் எழுந்து நேரே மேலாளரின் அறைக்குப் போனாள். நிறம் கறுப்பு என்பதால் என்னைப் பொதுக் கோப்பையில் குடிக்க விடாமல் மேற்பார்வைக்காரி தடுக்கிறாள் என்று முறைப்பாடு செய்தாள். ஐந்து நிமிடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். அறையில் மேலாளர், மேற்பார்வைக்காரி, தொழிற்சங்கத்து ஆள், டிடா.

மேலாளர் மரியாதையாகத்தான் கேட்டார். கோப்பைகளைத் தொடக்கூடாது என்று உனக்கு யாராவது சொன்னார்களா. இல்லை என்றேன். அப்படியென்றால் ஏன் சொந்தப் பேணி. "அது எங்கள் சமயம்" என்றேன்.

எந்தச் சமயத்தில், எந்தத் திருமுறையில் அப்படி எழுதியிருக்கிறது? ஆனால் சமயம் என்று சொன்னால் வெள்ளைக்காரர் மேலே கேட்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேலாளர் தலையாட்டினார். பிறகு டிடாவைப் பார்த்து, நீ ஏன் பொய் சொன்னாய் என்றார்.

டிடா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்கு வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் நான் மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்தாள். என் முழங்கையைப் பிடித்து, "பயப்படாதை. நான் நிக்கிறன். உள்ளதைச் சொல்லு" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. திரும்பவும் சொன்னாள். மேற்பார்வைக்காரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். டிடா மேசையில் ஓங்கி அடித்தாள். ஒரு மைக்கூடு உருண்டு விழுந்தது. அன்று மத்தியானமே அவளை அனுப்பிவிட்டார்கள். பொய் சொல்லிக் கலகம் மூட்டியது, மேலாளரை மிரட்டியது என்று காரணம் எழுதினார்கள்.

அவள் பொய் சொல்லவில்லை. அந்தப் பேணியில் ஒரு அவமதிப்பு இருக்கிறது என்று சரியாகவே கண்டாள். யார் யாரை அவமதிக்கிறார்கள் என்பதில்தான் பிழைத்துப்போனாள். என்னைப் போன்ற கறுப்பி ஒருத்தி தன்னைப் போன்ற கறுப்பி ஒருத்தியைத் தீண்டாமல் இருப்பாள் என்று அவளால் கற்பனை பண்ண முடியவில்லை.

ஒரு மாதத்துக்குள் அவளுடைய தெருப் பெண்கள் எல்லாரையும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ரீட்டாவுக்குப் பதினொரு வருட வேலை, அவளையும் நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் நம்பத்தகாதவர்கள் என்று பேச்சு வந்துவிட்டது. தெருவில் எல்லாரும் டிடாவின் மேல் பாய்ந்தார்கள். அவளுக்கு ஏன் அடுத்தவளின் விஷயம், இல்லாததை ஏன் கட்டிச் சொன்னாள், அந்த இந்தியப் பெண்ணே இல்லை என்று சொல்லிவிட்டாளே. நான் இந்தியப் பெண் இல்லை, ஆனால் இல்லை என்று சொன்னது நான்தான். ரீட்டா அக்காவிடம் கேட்டாளாம். டிடா, நான் பொய் சொல்லேல்லை என்றாளாம். அன்றிலிருந்து ஒரே கட்டிலில் வளர்ந்த இரண்டு பேரும், நாலு வீடு தள்ளி இருந்துகொண்டு, பேச்சை விட்டார்கள்.

எனக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும். நம்பிக்கையான ஆள் என்று என்னை உடைந்த பிஸ்கட் பொறுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அங்கே கதிரையில் இருந்து வேலை செய்யலாம். முதுகும் நாரியும் நோகாது. தேநீர் அறையில் எங்கள் மேசை காலியாகக் கிடந்தது. கிரேக்கப் பெண்கள் நடு மேசைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன்.

போன வருடம் வைகாசியில் ரெட்ஃபேர்ன் ரயில் நிலையத்தில் டிடாவைக் கண்டேன். மெலிந்திருந்தாள். படி ஏறிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு, மேடையில் கிடந்த நீள வாங்கில் இருந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோகத்தான் பார்த்தேன். அவள் பக்கத்தில் தட்டிக் காட்டி, இரு என்றாள். பிள்ளையைப் பற்றிக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"உண்மையா அது உங்கட சமயமோ?"

இல்லை என்றேன். எப்படியோ அன்றைக்கு வாய் வந்தது. சிரட்டையைப் பற்றிச் சொன்னேன். வேலியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப பேணி ஆருக்காக? எங்களுக்காகவோ?"

"ஓம்."

ஒரு ரயில் வந்து போனது. அது அவளுடைய ரயில் என்று பிறகுதான் தெரிந்தது. என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால் நல்லது. "நான் உனக்காகக் கத்தினனான்" என்றாள். பிறகு, "இதை ரீட்டாவுக்குச் சொல்லு. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். நான் சொன்னால் இன்னொரு கதை கட்டிறன் எண்டுவாள்" என்றாள். இந்தக் கிழமையே போய்ச் சொல்கிறேன் என்றேன். "நீ என்னோட முகம் பார்த்துக் கதைக்கத் தேவையில்லை. அவளோட கதை" என்றாள். அடுத்த ரயிலில் போய்விட்டாள். அதுதான் கடைசி.

இந்தக் கிழமை பதினாலு மாதமானது. நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன் போலும். ஒரு கிழமை மகளுக்குப் பரீட்சை. ஒரு கிழமை வீடு வாங்கும் அலுவல். "அவையளோட இனி ஏன் கொழுவல்? நடந்தது நடந்து போச்சு" என்று கணவர் சொன்னார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. அவரைக் குறை சொல்லி இதை எழுதினால் அது அடுத்த பொய். ரீட்டாவின் வீட்டுக் கதவு எந்த நிறம் என்றுகூட எனக்குத் தெரியும். பஸ்ஸில் அந்தத் தெருவைத் தாண்டும்போது மறுபக்க ஜன்னலைப் பார்ப்பேன்.

பிறகுதான் அந்தச் சனிக்கிழமை தொலைபேசி. அவள் உனக்கும் கரைச்சல் தந்தவள்தான்.

திங்கட்கிழமை பின்னேரம் போனேன். ரீட்டா அடக்கத்துக்குப் போட்டுப் போக வேண்டிய கறுப்புச் சட்டையைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு உள்ளே வரச் சொன்னாள், கதிரையை இழுத்துப் போட்டாள். நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று நிமிடம்கூட எடுக்கவில்லை. மூன்று வருடம் தூக்கித் திரிந்தது அவ்வளவுதான். அவள் மினுக்கிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் மினுக்கியை நிமிர்த்தி வைத்தாள்.

"என்னட்டச் சொல்லச் சொல்லி அவள் எப்ப உன்னட்டச் சொன்னவள்?"

"போன வருசம் வைகாசி."

ரீட்டா விரலில் எண்ணவில்லை, கணக்குப் பார்க்கவில்லை. உடனே சொன்னாள். "மார்கழியில, நத்தாருக்கு வந்து என்ர கதவைத் தட்டினவள். நான் உள்ளுக்கதான் இருந்தனான். துறக்கேல்லை."

நான் மன்னிப்பு என்ற சொல்லை எடுத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "என்னட்ட அதைத் தராதை. நாளைக்கு வந்து எல்லாருக்கும் முன்னால சொல்லு. சொல்லிப்போட்டுப் போ. நிக்காதை."

செவ்வாய்க்கிழமை மாதா கோயிலில் போய்ச் சொன்னேன். என் கணவர் வரவில்லை. அடுப்புப் பகுதியில் இருந்த உங்கள் இருவருக்கும் நான் சொல்லி அனுப்பியிருந்தேன், நீங்களும் வரவில்லை. அவளோடு வேலை செய்து அவளால் வேலை இழந்தோம் என்று நினைத்திருந்த பெண்கள் முன் வரிசையில் இருந்தார்கள். அவள் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், காரணம் இது என்றேன். ஒருவரும் அழவில்லை, ஒருவரும் என்னைத் திட்டவும் இல்லை. ஒரு வயதான பெண் மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம், எனக்குக் கேட்கும்படியாக, "இதை அவளுக்குக் காது கேக்கேக்க சொல்லியிருக்கலாம்" என்றாள். நான் இறங்கி வாசலை நோக்கி நடந்தேன். ரீட்டா என்னைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள்.

இந்த இடத்தில், அவளிடமிருந்து நான் கற்றது இன்னதென்று எழுத வேண்டும். அவளிடமிருந்து நான் ஒன்றும் கற்கவில்லை. கற்றிருந்தால் அவள் கதவைத் தட்டியபோது ரீட்டா திறந்திருப்பாள். என்னிடம் மிஞ்சியிருப்பது அவள் என்னைப் பற்றி விட்ட பிழை ஒன்றுதான். மேலாளரின் அறையில் என் முழங்கையைப் பிடித்து, பயப்படாதை, நான் நிக்கிறன் என்றாளே, அப்போது அவள் ஒருத்தியை மனதில் வைத்துக்கொண்டு பேசினாள். அநியாயம் நடந்த ஒருத்தி, உண்மை சொல்லத் துடிக்கிற ஒருத்தி, தன்னுடைய சொந்தக்காரி. அந்த ஒருத்திக்காகத்தான் தன் வேலையையும் தங்கையையும் விட்டாள். அந்த ஒருத்தியாக நான் ஒருநாள்கூட இருந்ததில்லை.